விடிவெள்ளி பின்னாடி போன பொண்ணு: டொரோத்தியா புக் சுயசரிதை, என்னோட ரிவ்யூ

முதல்லயே ரேட்டிங் சொல்லிடறேன், 5க்கு 4. அந்த ஒண்ண ஏன் கொறச்சேன்னு போகப் போக சொல்றேன். புத்தகத்தோட பேரு 'அவுஃப் டேர் ஷ்பூர் டெஸ் மோர்கன்ஷ்டெர்ன்ஸ்', விடிவெள்ளியோட தடத்துலன்னு வெச்சுக்கலாம், 1990ல வந்த ஜெர்மன் சுயசரிதை. எழுதுனவங்க டொரோத்தியா புக். புக்குனு ஒருத்தங்க பேர வெச்சுகிட்டு புக் ரிவ்யூ எழுதுனா ஒரே கொழப்பமாயிடும், அதனால கீழ முழுக்க டொரோத்தியான்னே போடுறேன், மரியாத கொறச்சல்னு யாரும் நெனைக்காதீங்க, 102 வயசு வரைக்கும் வாழ்ந்து 2019 அக்டோபர்ல ஹாம்பர்க்ல காலமான மனுஷி.

நான் இங்க வட ஜெர்மனில நர்ஸ் வேல பாக்குறேன், கொஞ்ச நாளா சைக்கியாட்ரி வார்டு, அதாவது மனநல வார்டு. கூட வேல பாக்குற சீனியர் அம்மா ஒருத்தங்க, ரிட்டயர் ஆகப் போறவங்க, காபி ப்ரேக்ல "இத படிச்சிருக்கியா நீ"ன்னு கேட்டு தலைல கட்டிட்டாங்க. நாலு பக்கம் பொரட்டிட்டு திருப்பி குடுத்துடலாம்னு தான் வாங்கினேன். பாதி படிக்கறதுக்குள்ள எனக்குன்னு ஒரு காப்பி பழைய புத்தகம் விக்கிற சைட்ல ஆர்டர் போட்டுட்டேன், அடுத்தவங்க புத்தகத்துல பென்சில் வெச்சு கோடு போட முடியாதுல்ல.

சரி, கதைக்கு வர்றேன். 1917ல நாவும்பர்க்னு ஒரு ஊர்ல பொறந்தவங்க, அப்பா புராட்டஸ்டன்ட் சபை போதகர், அஞ்சு பிள்ளைங்கள்ல இவங்க நாலாவது. பெருசா ஆனா கிண்டர்கார்டன் டீச்சர் ஆகணும், இதுதான் ஆச. 1936ல 19 வயசு, வட கடல்ல வாங்கரோக்னு ஒரு குட்டித் தீவுல இருக்காங்க, அங்க தான் முதல் சைக்கோசிஸ், அதாவது நெஜத்தோட தொடர்பு அறுந்து போற மனநிலை. மூணு விஷயம் திடீர்னு மனசுல உறுதியா வந்து உக்காந்துடுது: ஒரு பயங்கரமான போர் வரப்போகுது, நான் கிறிஸ்துவோட மணவாட்டி, அப்புறம் என்னைக்காவது எனக்கு சொல்றதுக்குன்னு ஒண்ணு இருக்கும், அன்னைக்கு வார்த்தை தானா வரும். வீட்ல இருக்கறவங்க அரண்டு போயிட்டாங்க. இதுல முதல் விஷயம் மூணே வருஷத்துல நடந்துச்சு, மூணாவது நடக்க ஒரு அம்பது வருஷம் ஆச்சு, நடுவுல இருக்கறத பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது.

அந்தத் தீவ சுத்தி தண்ணி வத்துற நேரத்துல கடல் எறங்கிப் போயி கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் வெறும் சேறா கெடக்கும், அதுக்குள்ள அங்கங்க வாய்க்கா மாதிரி ஓடும், பழக்கம் இல்லாதவங்க போனா மாட்டிப்பாங்க, தண்ணி ஏறுனா அவ்ளோதான். விடியக்காலைல வானத்துல விடிவெள்ளி தெரியுது, அது தன்ன கூப்புடுதுன்னு டொரோத்தியா அந்த சேத்துக்குள்ள எறங்கி நடக்கறாங்க. புத்தகத்தோட பேரு இதுல இருந்துதான். இத அவங்க எழுதியிருக்கற விதம் எனக்கு ரொம்ப புடிச்சுது, ஏன்னா "அப்போ எனக்கு பைத்தியம் புடிச்சிருந்துச்சு"ன்னு எங்கயும் வெளிய நின்னு எழுதல, உள்ள இருந்து எழுதுறாங்க, அந்த நேரத்துல அது எவ்ளோ தெளிவா, எவ்ளோ அர்த்தமா தெரிஞ்சுதுன்னு. நம்ம வார்டுல ஃபைல்ல "நோயாளி தொடர்பில்லாமல் பேசுகிறார்"னு ஒரு வரில முடிச்சிடுவோம் பாருங்க, அந்த ஒரு வரிக்குள்ள என்ன ஓடிகிட்டு இருக்குன்னு இத்தன பக்கம் யாரும் எனக்கு சொன்னது இல்ல.

அங்கிருந்து நேரா பெத்தேல். பீலஃபெல்ட் ஊர் பக்கத்துல இருக்கற பெரிய கிறிஸ்தவ ஆஸ்பத்திரி, பைபிள்ல வர்ற அதே பெத்தேல் பேருதான். போதகர் வீட்டுப் பொண்ணு, கிறிஸ்தவ ஆஸ்பத்திரி, நல்லா பாத்துப்பாங்கன்னு தானே எல்லாரும் நெனைப்போம். வார்டு சுவர்ல பெரிய எழுத்துல வசனம் எழுதியிருக்காம், "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்". நம்மூர் சர்ச் வாசல்லயும் ஆஸ்பத்திரி வராண்டாவுலயும் பாத்துப் பாத்து பழகுன வசனம். அந்த வசனத்துக்குக் கீழதான் ட்ரீட்மெண்ட் நடந்துச்சு.

என்ன ட்ரீட்மெண்ட்னு கேட்டீங்கன்னா, அப்ப இப்ப இருக்கற மாத்திரை எதுவும் கெடையாது, அது வர்றதுக்கு 1950கள் ஆயிடுச்சு. தலைல பச்சத் தண்ணிய ஊத்துறது. ஈரத்துணில ஒடம்ப இறுக்கி சுத்தி, கை காலு அசைக்க முடியாம படுக்க வெக்கிறது, துணி முதல்ல ஜில்லுனு இருக்கும் அப்புறம் ஒடம்பு சூட்டுலயே வெந்து போகும். மயக்க ஊசி. அப்புறம் தொட்டிக் குளியல், கேக்க நல்லா இருக்கும், ஆனா தொட்டிக்கு மேல கித்தான் துணி போட்டு மூடி இருக்கும், அதுல கழுத்துக்கு மட்டும் ஒரு ஓட்டை, கெட்டியான காலர் மாதிரி. டாக்டரோட ஒரு ரவுண்ட்ஸ்ல இருந்து அடுத்த ரவுண்ட்ஸ் வரைக்கும், 23 மணி நேரம் அதுக்குள்ள கழுத்து மாட்டிகிட்டு கெடந்திருக்காங்க. 23 மணி நேரம்னு படிச்சப்ப புத்தகத்த மூடி வெச்சுட்டு எந்திரிச்சு போயிட்டேன். நைட் ஷிப்ட்ல ஒருத்தர திருப்பிப் படுக்க வெக்காம விட்டா முதுகு என்ன ஆகும்னு எங்களுக்கு தெரியும்ங்க, ஈரத்துல வேற.

ஆனா புத்தகத்துல அவங்க ரொம்ப கோவமா எழுதுற எடம் இது இல்ல. அதுதான் என்ன ஒக்கார வெச்சுது. தண்ணியும் ஊசியும் கூட பரவால்ல, யாருமே தன்கிட்ட பேசலங்கறதுதான் அவங்களால மன்னிக்கவே முடியாத விஷயம். மாசக்கணக்குல அங்க இருந்திருக்காங்க, உனக்கு என்ன ஆச்சு, என்ன பாத்த, எதுக்கு அந்த நட்சத்திரம் பின்னாடி போன, ஒரு டாக்டர் உக்காந்து கேக்கல. நோயாளிங்க ஒருத்தருக்கொருத்தர் பேசறதையும் விரும்பல. ஒரு மனுஷன பேசறதுக்கே லாயக்கில்லாதவன்னு முடிவு பண்றத விட கீழ அவன எறக்க முடியாதுன்னு பின்னாடி பல மேடைல சொல்லிருக்காங்க. வார்டுல வேல பாக்குற ஆள் நான், சொல்றேன், இது 1936 சமாச்சாரம் மட்டும் இல்ல. ஆள் பத்தாத ஷிப்ட்ல முதல்ல காணாம போறது பேச்சுதான், மாத்திரை டைமுக்கு போயிடும், பிளட் பிரஷர் டைமுக்கு எடுத்துடுவோம், டாக்குமெண்டேஷன் பக்காவா இருக்கும், உக்காந்து பேச மட்டும் யாருக்கும் நேரம் இருக்காது, கேட்டா நாளைக்குன்னுவோம்.

அடுத்து வர்றதுதான் புத்தகத்தோட நடு முள்ளு. கூட இருக்கற பொண்ணுங்களுக்கு அடி வயித்துல, நட்ட நடுவுல, ஒரு தழும்பு இருக்கறத டொரோத்தியா பாக்கறாங்க. என்ன தழும்பு இதுன்னு நர்ஸ்கிட்ட கேக்கறாங்க. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் தழும்புன்னு பதில் வருது. அப்பெண்டிக்ஸ் நடுவுலயா இருக்கும்னு அந்த 19 வயசு பொண்ணுக்கே சந்தேகம் வருது, ஆனா வேற யார்கிட்ட கேக்கறது. 1936 செப்டம்பர்ல இவங்களுக்கும் ஆபரேஷன் ஆச்சு, எதுக்குன்னு சொல்லாமயே. கருத்தடை பண்ணிட்டாங்கன்னு பின்னாடி இன்னொரு நோயாளி சொல்லித்தான் தெரியுது. டாக்டர் சொல்லல, நர்ஸ் சொல்லல, பக்கத்து பெட் சொல்லுது. அந்த "அப்பெண்டிக்ஸ் தழும்பு" பதில சொன்னது ஒரு நர்ஸுங்கறது எனக்கு இன்னும் தொண்டைல நிக்குது.

பின்னணி தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நாஜி அரசாங்கம் 1933 ஜூலைல ஒரு சட்டம் போட்டுச்சு, பரம்பர நோய் உள்ள பிள்ளைங்க பொறக்காம தடுக்கறதுக்காம், 1934 ஜனவரி 1ல இருந்து அமல். சைக்கோசிஸ், வலிப்பு, பிறவிக் குருடு, செவிடு, கடுமையான குடின்னு ஒரு லிஸ்ட். ஒரு நீதிபதியும் ரெண்டு டாக்டருமா உக்காந்து தீர்ப்பு சொல்லுவாங்க, சம்மதம் தேவையில்ல, போலீஸ வெச்சு கூட கூட்டிட்டு வந்து பண்ணலாம். மொத்தம் சுமார் 4 லட்சம் பேருக்கு பண்ணிருக்காங்க. இதோட முடியல, கருத்தடை பண்ணப்பட்டவங்க, கருத்தடை ஆகாதவங்கள கல்யாணம் பண்ண முடியாது, மேல படிக்க முடியாது. டொரோத்தியாவோட கிண்டர்கார்டன் டீச்சர் கனவு அங்கயே காலி. சொந்தமா பிள்ளையும் கெடையாது, ஊரான் பிள்ளைக்கு பாடம் சொல்லித் தர்றதும் கெடையாதுன்னு ஆக்கிட்டாங்க.

அப்புறம் மண்பாண்டம், சிற்பம்னு அந்தப் பக்கம் போறாங்க. நடந்தத மறைச்சுதான் படிச்சிருக்காங்க, சொன்னா சேத்துக்க மாட்டாங்களே. அவங்க செஞ்ச சிற்பங்கள்ல தாயும் பிள்ளையும் திரும்பத் திரும்ப வரும், போட்டோ பாத்தேன், அத பத்தி நான் பெருசா வெளக்கம் எழுத வேண்டியது இல்ல. 1969ல இருந்து 1982 வரைக்கும் ஹாம்பர்க்ல சமூக சேவை படிக்கிற பசங்களுக்கு ஓவியமும் கைவேலையும் சொல்லிக் குடுத்தாங்க, சுத்தி வளைச்சு டீச்சர் ஆயிட்டாங்க ஒருவழியா.

1936ல இருந்து 1959க்குள்ள மொத்தம் அஞ்சு தடவை சைக்கோசிஸ் வந்திருக்கு. போர் நடந்த காலத்துலயும் ஒரு தடவை ஆஸ்பத்திரில இருந்திருக்காங்க, அந்த வருஷங்கள்ல ஆஸ்பத்திரில இருக்கறதுன்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு தெரியும். நாஜிங்க பெர்லின்ல டியர்கார்டன் தெரு 4ஆம் நம்பர் வீட்ல ஆபீஸ் போட்டு, ஃபாரத்துல டாக்டர்ங்க ஒரு குறி போட்டா போதும், அந்த நோயாளிய விஷ வாயு வெச்சுக் கொன்னாங்க. 1940ல இருந்து 1941 ஆகஸ்ட் வரைக்கும் ஆறு எடத்துல மட்டும் 70,000த்துக்கு மேல. அப்புறம் விஷ வாயுவ நிறுத்துனாங்க, கொலைய நிறுத்தல, பட்டினி போட்டும் மருந்து அதிகமா குடுத்தும் ஆஸ்பத்திரிக்குள்ளயே போர் முடியற வரைக்கும் ஓடுச்சு. இதெல்லாம் டொரோத்தியாவுக்கு முழுசா தெரிய வந்தது 1960கள்ல தான். தெரிஞ்சதும் உக்காந்து அத பத்தி ஒரு நாடகம் எழுதிருக்காங்க.

இங்க ஒரு ஆள பத்தி சொல்லியே ஆகணும், வெர்னர் ஃபில்லிங்கர். டொரோத்தியா பெத்தேல்ல இருந்தப்ப அங்க தலைமை டாக்டர் இவருதான், 1934ல இருந்து 1940 வரைக்கும். அப்புறம் அந்த விஷ வாயு கொலை திட்டத்தோட டாக்டர் லிஸ்ட்ல இவர் பேரும் இருக்கு. போர் முடிஞ்சதும் ஜெயிலுக்கு போனாருன்னு நெனைச்சீங்கன்னா இல்ல, மார்பர்க்ல புரொபசர், நாட்டோட விருதும் வாங்கினாரு. 1961ல கருத்தடை பண்ணப்பட்டவங்களுக்கு நஷ்டஈடு குடுக்கலாமான்னு பார்லிமென்ட் கமிட்டி நிபுணர்கள கூப்ட்டு கேக்குது, யார கூப்ட்டாங்கன்னா இவரையே. காசு குடுத்தா இவங்களுக்கு புதுசா மனக்கோளாறு வரும்ங்கற ரேஞ்சுல பேசிட்டு போயிருக்காரு. வெட்டுனவன்கிட்டயே போயி காயம் வலிக்குமான்னு கேட்ட கதை. அதுக்கப்புறம் 1980ல தான் ஒரே ஒரு தடவையா 5000 மார்க் (அப்போதைய ஜெர்மன் பணம்) குடுத்தாங்க. அந்த கருத்தடை தீர்ப்புகள சட்டப்படி ரத்து பண்ணது 1998ல. மத்த நாஜி கொடுமைகளுக்கு ஆளானவங்க மாதிரி இவங்களும் பாதிக்கப்பட்டவங்கதான்னு பார்லிமென்ட் ஒத்துகிட்டது 2025 ஜனவரில, அதுக்குள்ள டொரோத்தியா போயி அஞ்சு வருஷம் ஆச்சு.

இப்ப புத்தகத்தோட இன்னொரு பாதி, எல்லாருக்கும் ஒத்து வராத பாதி. தன்னோட சைக்கோசிஸ் என்னன்னு அவங்களே உக்காந்து ஆராய்ச்சி பண்றாங்க, பக்கம் பக்கமா. அவங்க கவனிச்ச விஷயம் இது: சைக்கோசிஸ் வந்த நாள்ல எல்லாம் ராத்திரி கனவு வர்றது நின்னு போயிடுது, முடிஞ்சதும் கனவு திரும்ப வருது. அப்ப ராத்திரி வர வேண்டிய கனவுதான் பகல்ல முழிச்சிருக்கறப்பவே ஒடச்சுகிட்டு வருதோ? கனவுல நாம பாக்குற பாம்ப எந்திரிச்சதும் நெஜ பாம்புன்னு தேட மாட்டோம், ஆனா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு விட்டுடுவோம்ல, அதே மாதிரி சைக்கோசிஸ்ல வந்தத கனவோட எடத்துல வெச்சு பாத்தா, அர்த்தமும் போகாது பயமும் போயிடும்ங்கறாங்க. வாழ்க்கைல ஒரு முட்டுச்சந்துல நிக்கறப்ப உள்ள இருந்து வந்த தூண்டுதல்னு அத எடுத்துக்கறாங்க, மூளைல ரசாயனம் கெட்டுப் போச்சுங்கற கணக்கு மட்டும் போதாதுன்னு சண்டை போடுறாங்க. 1959க்கு அப்புறம் அவங்களுக்கு சைக்கோசிஸ் வரவே இல்ல, அறுபது வருஷம். தனக்கு நடந்தத புரிஞ்சுகிட்டதாலதான்னு அவங்க நம்பிக்க.

நான் ஒரு மார்க் கொறச்சது இங்கதான். அவங்களுக்கு நடந்தது அவங்களுக்கு, சந்தேகமே இல்ல. ஆனா எல்லாருக்கும் அப்படி நடக்குமான்னா எங்க வார்டுல பாக்கறவங்கள வெச்சு என்னால தலையாட்ட முடியல. சில பேருக்கு உள்ள கேக்கற குரல் நட்சத்திரம் பின்னாடி வான்னு கூப்புடாது, மாடில இருந்து குதின்னு சொல்லும், நாள் பூரா சொல்லும். அவங்களுக்கு அது தன்னத் தேடிப் போற பயணம்னு சொன்னா சிரிக்கக் கூட தெம்பு இருக்காது. புத்தகம் அந்த ஆளுங்க பக்கம் போதுமான அளவு திரும்பிப் பாக்கலங்கறது என் கருத்து. இத படிச்சுட்டு யாராவது சாப்பிட்டுகிட்டு இருக்கற மாத்திரைய தானா நிறுத்துறேன்னு கெளம்பிடாதீங்க, அது ரொம்ப ஆபத்து, கொறைக்கணும்னா டாக்டரோட பேசி மெதுவா கொறைக்கணும். நடுவுல மத சின்னங்கள் பத்தி வர்ற பகுதி எனக்கு ரொம்ப நீளமா பட்டுச்சு, சொன்னதையே வேற வேற விதமா சொல்ற மாதிரி. சர்ச் பக்கமே போகாத எங்க வார்டு ஃப்ரெண்ட் ஒருத்தி அந்த பகுதில கைய தூக்கிட்டா.

புனைபெயர் சமாச்சாரம் சொல்ல மறந்துட்டேனே. முதல்ல இந்த புத்தகம் வந்தப்ப அவங்க பேருல வரல, சோஃபீ செர்ஷின்ங்கற பேருல வந்துச்சு. ஜெர்மன்ல ஸ்கிட்சோஃப்ரெனியாவுக்கு இருக்கற எழுத்துங்கள கலைச்சுப் போட்டு அடுக்கி செஞ்ச பேரு அது. தன்மேல ஒட்டுன லேபிள கிழிச்சு அதுலயே முகமூடி பண்ணிருக்காங்க பாருங்க, குறும்பு. 73 வயசுல முதல் புத்தகம், அதுவும் இப்படி.

ஆனா டொரோத்தியா பெரிய ஆளா ஆனது புத்தகத்தால மட்டும் இல்ல. 1987ல, தன்ன மாதிரி கருத்தடை பண்ணப்பட்டவங்களும் கொல்லப்பட்டவங்க குடும்பமும் சேந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அதுல இவங்களும் ஒருத்தர். 1989ல ஹாம்பர்க் எப்பன்டோர்ஃப் யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரில தாமஸ் போக்னு ஒரு சைக்காலஜிஸ்ட் கூட சேந்து சைக்கோசிஸ் செமினார்னு ஒண்ணு தொடங்குனாங்க. செமினார்னா ஸ்லைடு போட்டு பாடம் நடத்துறது இல்ல. ஒரு ரூம்ல மூணு விதமான ஆளுங்க உக்காருவாங்க: சைக்கோசிஸ் வந்தவங்க, அவங்க அம்மா அப்பா புருஷன் பொண்டாட்டி, அப்புறம் டாக்டர் நர்ஸ் இந்த மாதிரி வேல பாக்கறவங்க. மூணு பேருக்கும் ஒரே மரியாத, யாரும் யாருக்கும் வைத்தியம் பாக்கறது இல்ல, வெறும் பேச்சு. நீ அன்னைக்கு என்ன பாத்த, அத பாத்த உன் அம்மாவுக்கு எப்படி இருந்துச்சு, கட்டிப் போட்ட நர்ஸ் மனசுல என்ன ஓடுச்சு, இவ்ளோதான்.

1936ல பெத்தேல்ல ஒரே ஒரு டாக்டர் ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து கேட்டிருந்தா கெடச்சிருக்க வேண்டியது, அதத்தான் 53 வருஷம் கழிச்சு இவங்களே ஒரு ரூம் புடிச்சு, நாற்காலி போட்டு, ஊருக்கே ஏற்பாடு பண்ணிக் குடுத்திருக்காங்க. இத வெச்சு பாத்தா புத்தகத்துல வர்ற ஒவ்வொரு பக்கமும் வேற மாதிரி தெரியுது. மனிதாபிமான சைக்கியாட்ரின்னு அவங்க கேட்டது பெரிய சயின்ஸ் ஒண்ணும் இல்ல, பேசுங்கன்னு தான் கேட்டாங்க. நாம ஒருத்தரோட ஒருத்தர் பேசிகிட்டு இருக்கற வரைக்கும் ஒருத்தர ஒருத்தர் கொல்ல மாட்டோம்ங்கறது அவங்க அடிக்கடி சொல்ற வாக்கியம், 1940க்கு அப்புறம் நடந்தத தெரிஞ்சுகிட்டு கேட்டா அது சும்மா அலங்காரத்துக்கு சொன்னது இல்லன்னு புரியும். அந்த செமினார் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்துன்னு பல ஊருக்கு பரவிடுச்சு, இங்க எங்க ஊர் பக்கத்துலயும் மாசாமாசம் ஒண்ணு நடக்குது. நான் போனேன். உக்காந்திருந்தப்ப ஒரு வயசான அப்பா, பையன ஆம்புலன்ஸ்ல ஏத்துன ராத்திரிய பத்தி சொன்னாரு, எதிர்ல உக்காந்திருந்த வேற ஒரு பையன், அவர் பையன் இல்ல, "உங்க பையனுக்கு அன்னைக்கு உங்க மேல கோவம் இருந்திருக்காது, உங்கள அடையாளமே தெரிஞ்சிருக்காது"ன்னான். அந்தப் பெரியவர் மூஞ்சிய நான் பாத்தேன். எங்க மாத்திரை லிஸ்ட்ல இதுக்கு சமமா ஒண்ணும் இல்ல.

1992ல சைக்கியாட்ரிக்குள்ள போயிட்டு வந்தவங்களோட தேசிய அமைப்பு ஆரம்பிச்சப்பவும் டொரோத்தியா நிறுவனர்கள்ல ஒருத்தர், கௌரவத் தலைவர். பெர்லின்ல பீட்டர் லேமன் மாதிரி, சைக்கியாட்ரிய இன்னும் கறாரா எதிர்த்த ஆளுங்களும் அதே காலத்துல தான் வேல பாத்தாங்க, 1996ல ஃப்ரோனாவுல வெக்லாவுஃப்ஹவுஸ்னு ஒரு வீடு தொறந்தாங்க, சைக்கியாட்ரில இருந்து தப்பிச்சு வர்ற வீடில்லாதவங்களுக்கு, 13 பேர் தங்கற மாதிரி, நோய்க்கு லேபிள் ஒட்டாம, வேல பாத்தவங்கள்லயே நெறைய பேரு சைக்கியாட்ரிக்குள்ள போயிட்டு வந்தவங்க. அது ஒரு தனி ரிவ்யூவுக்கான விஷயம், இங்க விட்டுடறேன். 2007ல ட்ரெஸ்டன்ல உலக சைக்கியாட்ரி சங்கம் கட்டாய சிகிச்சை பத்தி ஒரு மாநாடு நடத்துனப்ப, மேடைல ஏறி ஜெர்மன் சைக்கியாட்ரில 70 வருஷ கட்டாயத்த பத்தி பேசுனது 90 வயசு டொரோத்தியா. கீழ உக்காந்து கேட்டவங்கள்ல டாக்டர்ங்களும் இருந்தாங்க. ஃபில்லிங்கருக்கு மாலை போட்ட அதே நாடு 2008ல இவங்களுக்கும் பெரிய விருது குடுத்துச்சு.

ஃபிக்சியருங் பத்தி ஒரு வரி சொல்லாம போனா நர்ஸா என் மனசு கேக்காது. ஒருத்தர பெட்டோட பெல்ட் போட்டு கட்டறது இங்க இன்னும் இருக்கு. ஆனா 2018 ஜூலைல கார்ல்ஸ்ரூ கோர்ட்டு, அதாவது ஜெர்மனியோட அரசியல் சட்ட கோர்ட்டு, சொல்லிடுச்சு, கை கால் எல்லாம் சேத்து அரை மணி நேரத்துக்கு மேல கட்டணும்னா நீதிபதி அனுமதி வேணும், கூடவே ஒரு ஆள் உக்காந்து பாத்துகிட்டே இருக்கணும். அந்த தீர்ப்பு வந்தப்ப டொரோத்தியாவுக்கு 101 வயசு. கூட உக்காரணும்ங்கற அந்த ரூல் இருக்கே, நாற்காலில உக்காந்தா மனுஷன் சும்மா இருக்க மாட்டான், என்னமோ பேச ஆரம்பிச்சுடுவான், பல தடவ கட்ட வேண்டிய நேரத்த விட சீக்கிரமே அவுத்து விட்டிருக்கோம்.

சரி, வாங்கலாமா வேண்டாமா? ஜெர்மன் ஓரளவுக்கு வரணும், பேப்பர் படிக்கற அளவுக்கு தெரிஞ்சா சமாளிச்சுடலாம், அவங்க வாக்கியம் நேரா தான் இருக்கு, கனவு ஆராய்ச்சி வர்ற எடத்துல மட்டும் டிக்‌ஷனரி பக்கத்துல வெச்சுக்கோங்க. இங்க நர்ஸிங் படிக்க, வேல பாக்க வர்ற நம்ம பசங்க யாரா இருந்தாலும், சைக்கியாட்ரி போஸ்டிங் போறதுக்கு முன்னாடி பெத்தேல் பகுதிய மட்டுமாவது படிச்சுடுங்க, க்ளாஸ்ல சொல்லித் தர்ற சரித்திரம் ரெண்டு ஸ்லைடுல முடிஞ்சுடும். வீட்ல யாருக்காவது இந்த பிரச்சன இருந்து இப்ப தான் ஆஸ்பத்திரி அலைச்சல்ல இருக்கீங்கன்னா, கொஞ்சம் ஆறப்போட்டு அப்புறம் எடுங்க, தண்ணித் தொட்டி, தழும்பு எல்லாம் அந்த நேரத்துக்கு தாங்காது. படிக்கப் பொறுமை இல்லாதவங்களுக்கு அலெக்ஸாண்ட்ரா போல்மையர் எடுத்த டாக்குமெண்டரி ஒண்ணு இருக்கு, அதுல வயசான டொரோத்தியாவே பேசறாங்க, புத்தகத்துல தெரியாத ஒரு கிண்டல் அவங்க பேச்சுல இருக்கு.

வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க, பழைய 1990 காப்பில சோஃபீ செர்ஷின்ங்கற பேரு தான் இருக்கும், பின்னாடி வந்த பதிப்புல ரெண்டு பேரையும் சேத்துப் போட்டிருக்காங்க, சைட்ல தேடறப்ப ரெண்டையும் அடிச்சுப் பாருங்க. எனக்கு வந்த காப்பில முதுகுப்பக்கம் பசை விட்டுப் போயி பெத்தேல் பக்கங்கள் மட்டும் தனியா கழண்டு வந்துடுச்சு, முன்னாடி வெச்சிருந்தவரும் அந்த எடத்த தான் திருப்பித் திருப்பி படிச்சிருப்பாரு போல, டெலிவரில கொற சொல்ல ஒண்ணும் இல்ல.